ஃப்ளைபேஸில் தேடியது கிடைக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

பழ ஈ ஆய்வகங்களில் தரவு வேலையைப் பார்த்துக்கொள்பவன் நான். "ஃப்ளைபேஸில் ஏதோ தப்பா இருக்கு" என்று வருபவர்களோடு உட்கார்ந்து பார்த்தால், தளம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கையிலுள்ள பட்டியல் பழைய பதிப்பில் எடுத்ததாக இருக்கும், அல்லது ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மரபணுக்கள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். கண்டுபிடிக்காமல் விட்டால் மாதக்கணக்கான சோதனை வீணாகிறது. அப்படி வீணானதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற பழ ஈயின் மரபணு விவரங்களை உலகத்துக்கெல்லாம் பொதுவில் வைத்திருக்கும் தரவுத்தளம் ஃப்ளைபேஸ். தொடங்கியது 1992-இல். ஈ ஆய்வாளர்களிடையே பகிரும் பழக்கம் அதற்கும் வெகு முன்பே உண்டு. 1934-இலேயே, இன்னும் அச்சேறாத தகவல்களையும் ஸ்டாக் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் ஈ வகை) பட்டியல்களையும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள ஒரு செய்தி இதழை நடத்தத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காலப் பெயர்களும் குறியீடுகளும் இன்றும் தளத்தில் உயிரோடு இருக்கின்றன. கீழே வரும் சிக்கல்களில் பாதி அந்த நீண்ட வரலாற்றிலிருந்து வருபவை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு விவரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மரபணுவின் எஃப்பிஜிஎன் எண். அந்த நான்கு எழுத்துக்குப் பின் ஏழு இலக்கம் வரும். வொயிட் மரபணுவுக்கு அது 0003996. இரண்டாவது, தரவு எந்த வெளியீட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பது. தளம் பல ஆண்டுகளாக ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிய வெளியீடு விட்டு வந்திருக்கிறது. ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த அதன் பெயர் பக்கத்திலேயே இருக்கும். இந்த இரண்டும் கையில் இல்லாமல் யார் உதவினாலும் அது ஊகம்தான்.

அறிகுறி: மரபணு கிடைக்கிறது, ஆனால் அதன் விவரம் நம் சோதனையோடு ஒட்டவே இல்லை

முதல் சந்தேகம் பெரிய எழுத்து, சிறிய எழுத்தின் மேல் விழ வேண்டும். ஈ மரபணுச் சின்னங்களில் எழுத்தின் அளவுக்குப் பொருள் உண்டு. முதலில் கண்டறிந்த பிறழ்வு ஒடுங்கு தன்மை உடையதென்றால் சின்னம் சிறிய எழுத்தில் தொடங்கும். ஓங்கு தன்மை என்றால் பெரிய எழுத்தில். டெல்டாவின் சின்னம் பெரிய டி, சிறிய எல். டார்சலின் சின்னத்தில் இரண்டுமே சிறியவை. ஒரு எழுத்தின் உயரம்தான் வித்தியாசம், மரபணுக்களோ வேறு வேறு உலகம். டெல்டா நாட்ச் சமிக்ஞைப் பாதையில் வேலை செய்வது. டார்சல் டோல் பாதையைச் சேர்ந்தது. கருவின் முதுகுப் பக்கம், வயிற்றுப் பக்கம் பிரிவதற்கு அது தேவை.

ஒரு மாணவி ஆர்என்ஏ வரிசைப்படுத்தலின் முடிவோடு வந்தாள். நாட்ச் பாதையே அடங்கிப் போயிருக்கிறது என்று அவளுடைய அட்டவணை சொன்னது. ஆனால் அந்தப் பாதையின் மற்ற மரபணுக்கள் ஒன்றும் அசையவில்லை. இரண்டு வாரமாக அதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தாள். அட்டவணையைத் திறந்தோம். சின்னங்களை வைத்து எக்செலின் விலுக்கப் மூலம் இரண்டு தாள்களை இணைத்திருந்தாள். விலுக்கப் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்காது. முதலில் எது கண்ணில் படுகிறதோ அதைக் கொடுத்துவிடும். டெல்டா என்ற வரியில் டார்சலின் எண்கள் உட்கார்ந்திருந்தன. எஃப்பிஜிஎன் எண்ணை வைத்து மறுபடி இணைத்தபோது டெல்டா மாறவே இல்லை என்று தெரிந்தது. அவள் ஒரு நிமிடம் பேசவில்லை, அப்புறம் பழைய தாளை அழித்தாள்.

புதிய எக்ஸ்லுக்கப்பும் இதே குணம் உடையதுதான். பல தரவுத்தள மென்பொருள்களும் இயல்பு அமைப்பில் இப்படியே ஒப்பிடுகின்றன. அதனால் இணைக்கும் வேலையைச் சின்னத்தை வைத்துச் செய்யவே செய்யாதீர்கள். சின்னம் மனிதர்கள் படிக்க, எண் இயந்திரம் இணைக்க.

சந்தேகம் வந்தால் உறுதிப்படுத்த எளிய வழி, மரபணு இருக்கும் இடத்தைப் பார்ப்பது. டெல்டா 3ஆர் கையில், அதாவது மூன்றாவது குரோமோசோமின் வலது கையில், 92ஏ பட்டையில் இருக்கிறது. டார்சல் 2எல் என்ற இரண்டாவதின் இடது கையில் 36சி-யில். இந்தப் பட்டை எண்கள் 1935-இல் கால்வின் பிரிட்ஜஸ் ஈ லார்வாவின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்து 102 பகுதிகளாக வரைந்த வரைபடத்திலிருந்து வருபவை. டிஎன்ஏ வரிசைக்கான பதிப்பு எத்தனை மாறினாலும் இந்தப் பட்டை எண் உங்களை ஏமாற்றாது. எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு.

அறிகுறி: பட்டியலில் சில மரபணுக்கள் காணாமல் போகின்றன, அல்லது பெயரிடத்தில் தேதி வருகிறது

தேதி என்றால் குற்றவாளி எக்செல்தான். செப்டின் குடும்ப மரபணுக்களைப் பழைய கட்டுரைகள் செப்1, செப்2 என்று எழுதும். ஆங்கிலத்தில் அதை அடித்ததும் எக்செல் செப்டம்பர் மாதத் தேதியாக மாற்றிவிடும். டெக்-1 என்பது டிசம்பராகிவிடும். மனித மரபணுக்களிலும் இதே தொல்லை. கடைசியில் 2020-இல் பெயரிடும் குழுவே மார்ச், செப்ட் எனத் தொடங்கும் மரபணுப் பெயர்களை மாற்றிக்கொண்டது. மாறிவிட்ட தேதியைப் பழைய பெயருக்குத் திருப்ப முயலாதீர்கள், மூலக் கோப்பை மறுபடி இறக்குங்கள். எக்செலில் நேராகத் திறக்காமல், இறக்குமதி செய்யும்போது அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிட்டால் போதும்.

தேதி எதுவும் இல்லை, ஆனால் எண்ணிக்கை ஒன்று குறைகிறது என்றால் நான்சுங் என்ற மரபணுவைத் தேடிப் பாருங்கள். ஈயின் செவித்திறனுக்குத் தேவையான அயனி வாயில் ஒன்றை உருவாக்கும் மரபணு இது. இதன் சின்னம் 'நான்', மூன்றும் சிறிய ஆங்கில எழுத்துகள். பைத்தானின் பாண்டாஸ் நூலகம் கோப்பைப் படிக்கும்போது இந்த மூன்று எழுத்தை 'மதிப்பு இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். பெயர் காலியாகும், அடுத்து காலி வரிகளை நீக்கும் கட்டளை வரும், மரபணு போய்விடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. செவிப்புலன் ஆய்வு செய்யும் ஒருவர் தன் முக்கியமான மரபணுவையே இப்படி இழக்க முடியும்.

நாரோ அப்டமன் என்ற மரபணுவுக்கும் இதற்கு நெருங்கிய ஆபத்து உண்டு. அதன் சின்னம் என், ஏ இரண்டும் சிறிய எழுத்தில். அப்படியே இருந்தால் பாண்டாஸ் விட்டுவிடும். யாராவது ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று எல்லாச் சின்னத்தையும் பெரிய எழுத்தாக்கிச் சேமித்தால், அடுத்த முறை படிக்கும்போது அதுவும் காலி. ஆர் மொழியும் பெரிய எழுத்து என்ஏ-வைக் காலி என்றே படிக்கும்.

தீர்வு: பாண்டாஸில் கீப்-டிஃபால்ட்-என்ஏ என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிப் படியுங்கள். படிப்பதற்கு முன்பும் பின்பும் வரிகளை எண்ணுங்கள். எண்ணும் பழக்கம் ஒன்றே இந்த வகைப் பிழைகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும்.

அறிகுறி: பழைய கட்டுரையின் எண்ணை இட்டால் 'இல்லை' என்கிறது, அல்லது வேறு எண்ணுக்குப் போகிறது

இது பிழையே இல்லை. புதிய ஆதாரம் வரும்போது, இரண்டு மரபணு என்று நினைத்தது ஒன்றாகிவிடும், ஒன்று என்று நினைத்தது இரண்டாகப் பிரியும். எண்கள் அதற்கேற்ப மாறும், பழைய எண் துணை எண்ணாக மரபணுப் பக்கத்தில் பதிவாகியிருக்கும். மரபணுக்களுக்கு இருக்கும் இன்னொரு வகை எண்ணான, சிஜி எனத் தொடங்கும் எண்களுக்கும் இதே கதி. புரதம் உருவாக்காது என்று தெரியவந்த மரபணுவின் முன்னெழுத்து சிஆர் என்று மாறிவிடும்.

பட்டியலை ஒவ்வொன்றாகத் தேடி நேரத்தைக் கொல்ல வேண்டாம். ஐடி வேலிடேட்டர் என்ற கருவியில் மொத்தமாக ஒட்டினால் எது நடப்பு எண், எது மாறியது, எது இரண்டாகப் பிரிந்தது என்று பிரித்துக் கொடுக்கும். பிரிந்தவற்றை மட்டும் கையால் பார்க்க வேண்டும். கட்டுரையாளர் எந்தப் பாதியைச் சொன்னார் என்பது அவர் பயன்படுத்திய ப்ரைமரையோ (குறிவைத்த இடத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) ஆர்என்ஏஐ வரிசையையோ (மரபணுவை அடக்கப் பயன்படுவது) பார்த்தால்தான் தெரியும். இரண்டில் ஒன்றை ஊகித்து எடுக்காதீர்கள்.

அறிகுறி: இட எண்ணைக் கொடுத்தால் வேறு மரபணு வருகிறது

அதிகமானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழ ஈயின் மரபணுத்தொகை 2000-இல் வெளியானது. அதன் பிறகு இடைவெளிகளை நிரப்பி நிரப்பிப் பல பதிப்புகள் வந்தன. இன்று புழக்கத்தில் மோதிக்கொள்பவை இரண்டு: 5-ஆம் பதிப்பும், 2014-இல் வந்த 6-ஆம் பதிப்பும். கலிஃபோர்னியாவின் யூசிஎஸ்சி தளம் இவற்றையே டிஎம்3, டிஎம்6 என்று அழைக்கிறது. பெயரிலுள்ள எண் ஒத்துப்போகாததால் டிஎம்3-ஐ 3-ஆம் பதிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது 5-ஆம் பதிப்பு.

எந்தப் பதிப்பு என்று தெரியாத கோப்பு உங்களிடம் இருந்தால் குரோமோசோம் கையின் நீளத்தைப் பாருங்கள். பல கோப்புகளின் தலைப்பிலேயே அது இருக்கும். 3ஆர் கையின் நீளம் 5-ஆம் பதிப்பில் 2,79,05,053 பேஸ் (டிஎன்ஏ எழுத்து). 6-இல் 3,20,79,331. 2ஆர் 2,11,46,708-இலிருந்து 2,52,86,936 ஆனது. எக்ஸ் 2,24,22,827-இலிருந்து 2,35,42,271. நான்காவது குரோமோசோம் மட்டும் 13,51,857-இலிருந்து 13,48,131 எனச் சற்றே குறைந்தது. தலைப்பு இல்லை என்றால் கோப்பிலுள்ள மிகப் பெரிய எண்ணைத் தேடுங்கள். 3ஆர்-இல் 2,79,05,053-ஐத் தாண்டும் ஒரே ஒரு வரி இருந்தாலும் அது 5-ஆம் பதிப்பாக இருக்க முடியாது.

பலர் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. தன் மரபணுவை வைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள், சரியாக வரும், நிம்மதியாகிவிடுவார்கள். அந்த மரபணு 2எல் கையில் இருந்திருக்கும். 6-ஆம் பதிப்பில் புதிதாகச் சேர்ந்த வரிசையில் பெரும்பகுதி, குரோமோசோமின் இரு கைகளும் சேரும் இடமான சென்ட்ரோமியரை ஒட்டிய பகுதி. இடது கைகளான 2எல், 3எல் இரண்டிலும் எண் தொடங்குவது குரோமோசோம் நுனியில், சென்ட்ரோமியர் வருவது கடைசியில். அங்கே எவ்வளவு சேர்ந்தாலும் முன்னால் இருக்கும் எண்கள் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். வலது கைகளான 2ஆர், 3ஆர் இரண்டிலும் எண் சென்ட்ரோமியரிலிருந்து தொடங்குகிறது. அங்கே முன்பக்கம் 40 லட்சத்துக்கு மேல் பேஸ் நுழைந்ததால் பின்னால் இருந்ததெல்லாம் அவ்வளவு தூரம் தள்ளிப்போய்விட்டது. எக்ஸில் இந்தத் தள்ளல் சிறியது. வொயிட் மரபணு சுமார் 26.8 லட்சத்திலிருந்து 27.9 லட்சத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு லட்சம் பேஸில் பல மரபணுக்கள் அடங்கிவிடும்.

எனவே சோதிக்கும்போது 2ஆர் அல்லது 3ஆர் கையிலுள்ள மரபணுவை வைத்துச் சோதியுங்கள். மாற்றுவதற்குத் தளத்திலேயே சீக்வன்ஸ் கோஆர்டினேட்ஸ் கன்வர்ட்டர் இருக்கிறது. நீங்களாக ஒரு எண்ணைக் கூட்டி நகர்த்தாதீர்கள். கையின் எல்லா இடத்திலும் தள்ளல் ஒரே அளவாக இருக்கும் என்று நம்ப முடியாது. மாற்ற முடியாத வரிகளைக் கருவி தனியாகச் சொல்லும். அவற்றை எறியாமல் ஒரு கோப்பில் வையுங்கள், பிறகு யாராவது கேட்பார்கள்.

இட எண் சரியாக ஒன்று மட்டும் கூடியோ குறைந்தோ வருகிறது என்றால் அது பதிப்புச் சிக்கல் இல்லை. இட எண்களைத் தாங்கும் கோப்பு வகைகளில் ஜிஎஃப்எஃப் கோப்பு முதல் பேஸை 1 என்று எண்ணும், பெட் கோப்பு 0 என்று எண்ணும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவர் அதை மறந்திருப்பார்.

அறிகுறி: கோப்பு நன்றாக இருக்கிறது, கருவி பூஜ்யம் என்கிறது

ஒப்பீட்டுக் கருவி ஒரு மரபணுவுக்குக் கூட எண்ணிக்கை தரவில்லை என்றால் பதற வேண்டாம். எல்லாமே பூஜ்யம் என்பது நல்ல அறிகுறி, காரணம் ஒன்றாகத்தான் இருக்கும். ஃப்ளைபேஸ் கையை 2எல் என்று மட்டும் எழுதும். யூசிஎஸ்சி அதற்கு முன் 'சிஎச்ஆர்' என்ற மூன்று எழுத்தைச் சேர்க்கும். என்சிபிஐ தளமோ என்டி_033779.5 என்று எழுதும். மூன்றும் ஒரே கை என்பது கருவிக்குத் தெரியாது. இரு கோப்புகளின் முதல் நெடுவரிசையை அருகருகே வைத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். ஒரே இடத்திலிருந்து வரிசையையும் குறிப்புக் கோப்பையும் சேர்த்து இறக்கினால் இந்தத் தொல்லை வராது.

அறிகுறி: ப்ரைமர் பிடிக்கவில்லை, கிரிஸ்பர் வழிகாட்டி வெட்டவில்லை

தளத்திலிருந்து வரிசையைச் சரியாகத்தான் எடுத்தீர்கள். ஆனால் அது உங்கள் ஈயின் வரிசை கிடையாது. மேற்கோள் மரபணுத்தொகை ஐசோ-1 என்ற ஒரு குறிப்பிட்ட ஸ்டாக்கிலிருந்து எடுக்கப்பட்டது. உங்கள் குப்பியில் வளர்வது கேன்டன்-எஸ்ஸாகவோ, ஓரிகான்-ஆராகவோ, வொயிட் 1118 ஆகவோ இருக்கும். எங்கே வெட்ட வேண்டும் என்று கிரிஸ்பருக்குக் காட்டும் சிறு ஆர்என்ஏதான் வழிகாட்டி. ஒரு பேஸ் வேறுபாடு அதன் கடைசிச் சில எழுத்துகளில் விழுந்தால் வெட்டு நடக்காது. கிரிஸ்பரை ஊசியால் செலுத்தப்போகும் ஸ்டாக்கின் ஈயிலிருந்து டிஎன்ஏ எடுத்து, குறிவைக்கும் பகுதியை முதலில் வரிசைப்படுத்திப் பாருங்கள். இரண்டு நாள் வேலை, ஊசி போட்டபின் காத்திருக்கும் வாரங்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வரிசை தலைகீழாக இருக்கிறது என்ற புகாரும் இதோடு வரும். வொயிட் போன்ற மரபணுக்கள் எதிர் இழையில் இருக்கின்றன. மரபணுப் பக்கத்தின் இட எண்ணுக்குப் பக்கத்தில் கழித்தல் குறி இருந்தால், இட எண்ணை வைத்து எடுத்த வரிசையையும் மரபணுவின் திசையில் எடுத்த வரிசையையும் ஒன்றென்று நினைக்காதீர்கள்.

அறிகுறி: புரத வரிசை கட்டுரையோடு பொருந்தவில்லை

ஐசோஃபார்மைப் பாருங்கள். ஒரே மரபணுவின் புரதங்கள் பிஏ, பிபி, பிசி என்று பெயர் பெறும். கட்டுரையாளர் எதை எடுத்தார் என்று எழுதாமல் விட்டிருப்பார். இதன் உச்சம் டிஸ்காம்1. வெட்டி ஒட்டும் முறையில் அதிலிருந்து 38,016 விதமான வடிவங்கள் வர முடியும். தளத்தில் குறிக்கப்பட்டிருப்பவை அதில் ஒரு சிறு பகுதி. உங்கள் வடிவம் அங்கே இல்லாததால் அது ஈயிலும் இல்லை என்று ஆகாது.

அறிகுறி: ஆர்என்ஏஐ ஈ வந்தது, தளத்தில் சொன்ன தோற்றம் வரவில்லை

தோற்றக் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் எஃப்பிஆர்எஃப் எண்ணுடன் மூலக் கட்டுரை இணைந்திருக்கும். முதலில் அதைத் திறந்து எந்த வெப்பநிலை, எந்த கால்4 டிரைவர் (ஆர்என்ஏஐ-யை எந்தத் திசுவில் இயக்குவது என்று தீர்மானிப்பது) என்று பாருங்கள். கால்4 சூட்டில் வலுவாக வேலை செய்யும். 29 டிகிரியில் கண்ட விளைவு 18 டிகிரியில் தெரியாமல் போகலாம்.

இதற்கு நேர்மாறாக, சொல்லாத தோற்றம் வருகிறதா? ஈ வியன்னா மையத்தின் கேகே தொகுப்பைச் சேர்ந்ததா என்று பாருங்கள். அந்தத் தொகுப்பின் சில லைன்களில் கட்டுமானம் நினைத்த இடத்தோடு 40டி என்ற இன்னொரு இடத்திலும் நுழைந்திருக்கிறது. அது டிப்டாப் என்ற மரபணுவைத் தேவையில்லாமல் முடுக்கிவிட்டுத் தன் சொந்த விளைவைக் காட்டும். பிசிஆர் செய்தால் 40டி செருகல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கூடவே வேறு தொகுப்பிலிருந்து இரண்டாவது லைன் ஒன்றையும் சோதியுங்கள்.

ஸ்டாக் இருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தளம் ஸ்டாக்குகளைக் காட்டும், வைத்திருப்பதும் அனுப்புவதும் புளூமிங்டன், வியன்னா, கியோட்டோ போன்ற மையங்கள். இப்போது இருக்கிறதா என்பதை மையத்தின் சொந்தப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: தளம் மெதுவாக வருகிறது, அல்லது நம் நிரலை மறுக்கிறது

ஆயிரம் மரபணுப் பக்கங்களை நிரல் வைத்து ஒவ்வொன்றாகத் திறக்காதீர்கள். மொத்தக் கோப்புகளாக எல்லாமே இறக்கக் கிடைக்கின்றன. சிறு பட்டியலுக்கு பேட்ச் டவுன்லோட் போதும். 2025-இல் ஹார்வர்டுக்கான அமெரிக்க அரசு மானியங்கள் நிறுத்தப்பட்டபோது ஃப்ளைபேஸின் நிதியும் அடிபட்டது, வேலை செய்த ஆட்கள் குறைந்தார்கள். கட்டணமில்லாமல் நம் எல்லோருக்கும் சோறு போட்ட தளம் அது. அதன் மேல் வீண் பாரம் ஏற்றுவது எனக்கு வருத்தம் தரும் செயல். நீங்கள் பயன்படுத்தும் வெளியீட்டின் கோப்புகளை, வெளியீட்டுப் பெயரோடு, ஆய்வகக் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரிபார்த்தாயிற்று, தளத்தில் உள்ளதுதான் தப்பு

அப்படியும் நடக்கும். கட்டுரைகளைப் படித்துப் பதிவேற்றுபவர்கள் மனிதர்கள். உங்கள் கட்டுரை இன்னும் ஏறவே இல்லை என்றால் ஃபாஸ்ட்-ட்ராக் யுவர் பேப்பர் என்ற படிவத்தில் அதிலுள்ள மரபணுக்களை நீங்களே இணைத்துவிடலாம். பிழை என்றால் தொடர்புப் படிவத்தில் எழுதுங்கள். எஃப்பிஜிஎன் எண், வெளியீட்டுப் பெயர், பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, என்ன இருக்க வேண்டும், எந்தக் கட்டுரையின் எந்தப் படம் அல்லது அட்டவணை அதற்கு ஆதாரம். இந்த ஐந்தும் இருந்தால் அந்தப் பக்கம் இருப்பவர் உங்களிடம் திரும்பக் கேள்வி கேட்காமலே திருத்தத்தைத் தொடங்கிவிடலாம்.